பச்சை ஹவுஸ், மஞ்சள் ஹவுஸ்: இந்த வெறியைக் கிளப்பிவிட்டது யார்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

என் மகன் நான்காம் வகுப்பு, சிவப்பு ஹவுஸ். நேற்று ஸ்போர்ட்ஸ் டே முடிந்து அழுதுகொண்டே வந்தான். ஓடினது அவன் இல்லை, விழுந்தது அவன் இல்லை. ஆனாலும் "எங்க ஹவுஸ் லாஸ்ட்டு" என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளை நான்கு நிறமாக்கி மோதவிடுவது வெள்ளைக்காரனின் பிரித்தாளும் சூழ்ச்சியில் மிஞ்சியது என்பது என் கட்சி. இரண்டு உலகப் போருக்கும் நடுவில் இங்கிலாந்துப் பள்ளிகளில் இது தலைக்கேறிக் கிடந்ததாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

பிரித்தாண்டான் என்றால் முதலில் பெற்ற பிள்ளைகளைத்தான் பிரித்து ஆண்டிருக்கிறான். நமக்கு வந்தது ஏற்றுமதிச் சரக்கு.

இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். (இந்த ஒரு பள்ளியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே படித்திருக்கிறேன். காரணம் அப்புறம்.) பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் குறைந்த கட்டணத்தில் 1843இல் தொடங்கியது. கட்டடம் ஒரு பழைய சத்திரம். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிப் போன இடம். ரயில் வந்ததும் வண்டி நின்றது, சத்திரம் படுத்தது, பள்ளி குடிவந்தது. ஐந்தாறு வருஷத்தில் ஐந்நூறு பையன்கள். சாப்பாடு மோசம், மதியத்துக்கு மேல் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. அக்கம்பக்கத்து நிலங்களில் புகுந்து திருட்டு வேட்டை ஆடினார்கள். தவளைகளைக் கம்பால் அடித்துக் குவித்தார்கள். 1851இல் கலகமே வெடித்தது. பட்டாசு, கண்ணாடி உடைப்பு, எல்லாம். அடுத்த வருஷம் தலைமையாசிரியர் மூட்டை கட்டினார்.

அவர் இடத்துக்கு ரக்பி என்ற ஊரின் பள்ளியிலிருந்து ஜார்ஜ் காட்டன் என்பவர் வந்தார். 1853இல் பெற்றோர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அரை நாள் விடுமுறையில் பையன்கள் ஊர் சுற்றாமல் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூடவே ஓடியாடும் வயதில் இருந்த வாத்தியார்களைக் கூட்டிவந்தார். பையன்கள் களைத்துப்போனார்கள். களைத்தவன் ஜன்னலை உடைப்பதில்லை. ஆக இது கூட்டத்தை அடக்க வந்த ஏற்பாடு. 'ஸ்பிரிட்' எல்லாம் பிற்பாடு பூசின வர்ணம்.

நானும் பச்சை ஹவுஸ்தான். 1986இல் ஷீல்டு எங்களுக்கு. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதில் ஒரு கோணல். ஹவுஸ் என்பதையே காட்டன்தான் கண்டுபிடித்தார் என்பது போலப் படித்தால் தெரிகிறது. அப்படி இல்லை. ஹவுஸ் என்றால் வீடுதான், வேறொன்றும் இல்லை. பள்ளியில் இடம் போதாமல் பக்கத்து வீடுகளில் பையன்களைத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டுக்கு ஒரு வாத்தியார் பொறுப்பு. உண்பது, உறங்குவது, உதை வாங்குவது எல்லாம் அங்கே. ஈட்டன் பள்ளியில் இப்போதும் ஹவுஸை அதன் வாத்தியார் பெயரால்தான் சொல்கிறார்கள். வாத்தியார் மாறினால் ஹவுஸ் பெயரும் மாறிவிடும்.

நமக்குத்தான் வீடு இல்லாமல் ஹவுஸ் மட்டும் வந்து சேர்ந்தது. எங்கள் பச்சை ஹவுஸுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மூங்கில் கொடிக்கம்பமும், பி.டி. வாத்தியார் அறையில் ஒரு மூலையும்.

பிப்ரவரி 4, மறுபடி

இலங்கையில் இதை 'இல்லம்' என்கிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னார்: ஓட்டப் பந்தயம் மாதிரியே இல்ல அலங்காரத்துக்கும் தனிப் போட்டி உண்டாம். தென்னோலையும் காகிதமும் வைத்து ஒவ்வொரு இல்லமும் ஒரு கூடாரத்தை ஜோடிக்கும், நடுவர்கள் சுற்றிவந்து புள்ளி போடுவார்கள். அந்த ஒரு நாளைக்காவது ஹவுஸுக்கு நிஜமாகவே ஒரு வீடு கிடைக்கிறது பாருங்கள்.

பிப்ரவரி 6

கேள்வி இரண்டு போர்களுக்கு நடுவே என்பது. நான் 1853இலேயே நின்றுவிட்டேன்.

முதல் போர் முடிந்த மார்ல்பரோவைப் பாருங்கள். அங்கே படித்தவர்களில் எழுநூறு பேருக்கு மேல் போரில் செத்திருந்தார்கள். அவர்கள் நினைவாக ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். தலைமையாசிரியர் சிரில் நார்வுட், 1917 முதல் 1925 வரை. ஹவுஸ்களின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: பி1, பி2, பி3, சி1, சி2, சி3. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு பிளாக் மாதிரி. இந்த எண்ணுக்காகப் பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பெயரில் ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ரோடீன் என்ற பெண்கள் பள்ளியிலும் நம்பர் 1 ஹவுஸ், நம்பர் 2 ஹவுஸ் என்று நான்கு வரை. அதுவும் எண்தான்.

மார்ல்பரோ பையன் ஒவ்வொருவனும் வகுப்புக்கு வகுப்பு ஒரு மெத்தையைச் சுமந்து போக வேண்டும். பெஞ்சு அவ்வளவு கெட்டி. 'கிஷ்' என்று அதற்குப் பெயர். மடித்து, புத்தகங்களை நடுவில் வைத்து, அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அதை எப்படி மடிப்பது, எப்படிப் பிடிப்பது என்பதற்கும் மூப்பு பார்த்து விதி. புதுப் பையன் பெரியவன் மாதிரி பிடித்தால் தொலைந்தான். அப்புறம் அப்பர் ஸ்கூல் என்று கொட்டகை போல ஒரு பெரிய கூடம். நடு வகுப்புப் பையன்கள் முழுக்க அதில்தான். குளிர்காய அங்கே இரண்டே அடுப்பு. ஒன்று பெரிய அடுப்பு. விளையாட்டில் பெயர் வாங்கியவர்களும் அவர்களுடைய ஜால்ராக்களும் மட்டும் அதைச் சுற்றி உட்காரலாம். மற்ற இருநூறு சொச்சம் பேர் இன்னொன்றில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிடிக்காத பையனைப் பிடித்துக் குப்பைக் கூடைக்குள் திணித்து எல்லோர் முன்னாலும் தூக்கிவைப்பது அவ்வப்போது நடக்கும் தண்டனை. வாத்தியார்கள் கொடுத்த தண்டனை என்று நினைக்காதீர்கள். பையன்களே.

ஹவுஸ் ஸ்பிரிட் என்று மேடையில் சொன்னது, குளிர்காலத்தில் கீழே வந்தால் இதுதான்: யார் நெருப்புக்குப் பக்கத்தில், யார் எட்டத்தில்.

பிப்ரவரி 6, பத்து நிமிஷம் கழித்து

கோப்பையெல்லாம் வென்ற ஹவுஸை பல பள்ளிகளில் 'காக் ஹவுஸ்' என்பார்கள். சேவல் ஹவுஸ். முருகன் கொடியில் இருப்பதும் அதுதான். ஆனால் அங்கே சூரனை வென்றபின் கிடைத்தது, இங்கே எதிர் ஹவுஸை ரக்பியில் புரட்டி எடுத்தபின்.

பிப்ரவரி 9

"விளையாட்டும் ஹவுஸ் பக்தியும் நல்ல குடிமகன்களை உருவாக்கும், நாட்டு விசுவாசம் வரும்" என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அவருக்கு ஒரே ஒரு பெயர்: ஆந்தனி பிளன்ட்.

1920களின் முதல் பாதியில் மார்ல்பரோவில் ஒரு சின்னக் கும்பல் இருந்தது. பின்னாளில் கவிஞர்களான ஜான் பெட்ஜமன், லூயி மக்னீஸ், கலை வரலாற்றறிஞர் ஆன பிளன்ட். மைதானத்து வீரர்களைக் கண்டால் இவர்களுக்கு ஆகாது. எதிர்த்துச் சண்டை போட உடம்பில் வலு இல்லை. அதனால் கடுப்பேற்றினார்கள். மும்முரமாக ஆட்டம் நடக்கும்போது பெரிய வண்ணப் பந்து ஒன்றைத் தூக்கிப் பிடித்து விளையாடிக்கொண்டே மைதானத்துக்குக் குறுக்கே போவார்கள். குழந்தைகள் விளையாடுகிற பந்து. 1924இல் 'தி ஹெரெட்டிக்' என்று ஒரு பத்திரிகை போட்டார்கள். அவிசுவாசி என்று பொருள். இரண்டு இதழோடு சரி, தடை.

இதே பிளன்ட் அரசியின் ஓவியங்களுக்குப் பொறுப்பாளராக இருந்து, சர் பட்டம் வாங்கி, சோவியத் உளவாளியாக வேலை பார்த்தவர் என்று 1979இல் நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. பட்டமும் போனது. பி, சி என்று எழுத்துப் போட்ட ஹவுஸ்கள் எல்லாம் சேர்ந்து செய்த முதலீடு.

பிப்ரவரி 10

நேற்று எழுதினது அநியாயம். பிளன்ட் உளவாளி ஆனதற்கும் ரக்பி பிடிக்காததற்கும் முடிச்சுப் போட்டால், ரக்பி பிடித்த நூறு பேர் ஒழுங்காக வாழ்ந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜோக்குக்காக எழுதினது, விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கவிஞர்களும் எழுத்தாளர்களும் எழுதிவைத்ததைத்தான் நாம் படிக்கிறோம். பெரிய அடுப்புப் பக்கம் சுகமாக உட்கார்ந்திருந்தவன் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை.

ரெப்டன் பள்ளியில் 1929 முதல் 1934 வரை படித்த சிறுவர் கதை எழுத்தாளர் ரோல்ட் டால் இரண்டு பக்கமும் சேராத ஆள். ஃபைவ்ஸ் என்ற, கையால் சுவரில் பந்தடிக்கும் ஆட்டத்திலும் ஸ்குவாஷிலும் கெட்டிக்காரர், ஃபைவ்ஸ் அணிக்குக் கேப்டன். வழக்கப்படி அவருக்கு ஹவுஸில் அதிகாரப் பதவி வந்திருக்க வேண்டும், வரவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது அவர் பார்த்த வேலை: பனிக்காலத்தில் கழிப்பறைப் பலகையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, அண்ணன்மார் வருவதற்குள் சூடாக்கி வைப்பது. நன்றாகச் சூடாக்குகிறான் என்று நல்ல பெயராம். அங்கே உட்கார்ந்தபடியே டிக்கன்ஸ் முழுவதையும் படித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 13

இந்தப் பள்ளி மீது எனக்கு என்ன அக்கறை என்று கேட்டிருந்தீர்கள். ஜி.யு. போப் வழியாக வந்து விழுந்தேன். திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷில் தந்த அதே போப். 1870களில் அவர் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை. யார் இந்தக் காட்டன் என்று தேடினால், சுற்றறிக்கை அனுப்பின அதே மார்ல்பரோ காட்டன்! 1858இல் கல்கத்தா பிஷப்பாக இங்கே வந்துவிட்டார். சிம்லா பள்ளி 1859, பெங்களூரு பள்ளி 1865, இரண்டும் அவர் பெயரில்.

1866 அக்டோபரில், இன்றைய வங்கதேசத்து குஷ்டியாவில், கோராய் ஆற்றில் படகேறும்போது பலகையில் கால் வழுக்கி விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. ஐந்நூறு காலிப் பையன்களைச் சமாளித்தவரை ஒரு பலகை முடித்துவிட்டது.

சிம்லா பள்ளி ஹவுஸ்கள்: இபெட்சன், லெஃப்ராய், ரிவாஸ், கர்சன். ஆக உங்கள் 'வெள்ளைக்காரன் கொண்டுவந்தான்' என்பதில் பாதி உண்மை. ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14

மீதிப் பாதிக்கு டேராடூன் போக வேண்டும். டூன் பள்ளி, 1935. ஈட்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆர்தர் ஃபுட் முதல் தலைமையாசிரியர். ஆனால் கனவு கண்டவர் கல்கத்தா வக்கீல் சதீஷ் ரஞ்சன் தாஸ். அவர் 1928இலேயே காலமாகிவிட்டார். ஹவுஸ் பெயர்கள் காசு கொடுத்தவர்களைச் சொல்லும்: ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாட்டா. மூன்று சமஸ்தானம், ஒரு கம்பெனி. பள்ளிப் பாட்டு எது தெரியுமா? 'ஜன கண மன'. 1935இலேயே. இங்கே ஹவுஸ் பிரித்தது வெள்ளைக்காரன் கட்டளையால் இல்லை, நம் ஆட்களே ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது. இந்து, முஸ்லிம், சீக்கியன் எல்லாரும் ஒரே ஹவுஸில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் தனிப் பந்தி இல்லாமல் உட்கார ஒரு சாக்கு கிடைத்ததே பெரிசு. பிரித்தாளும் சூழ்ச்சிக்கு நேர் எதிர்.

பிப்ரவரி 14, பின்குறிப்பு

அந்த ஹவுஸ்களில் யார் சேர முடிந்தது, என்ன ஃபீஸ் என்பது தனிக் கதை. உடனே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 17

விடுதியே இல்லாத பள்ளிக்கு ஹவுஸ் எப்படி வந்தது? இங்கிலாந்தில் 1902 கல்விச் சட்டத்துக்குப் பிறகு உள்ளூர் நிர்வாகங்கள் நடத்திய பகல் நேரப் பள்ளிகள் ஏராளம். கடைக்காரர், குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் போவார்கள். இவர்களுக்கும் 'பெரிய பள்ளி' மிடுக்கு வேண்டும். போருக்குப் பிந்தைய வருஷங்களில் அங்கெல்லாம் ஹவுஸ், நிறம், கேடயம், புள்ளிப் பலகை. தூங்கிச் சாப்பிடும் வீடு இல்லாததால் ஹவுஸ் வெறும் கணக்காகச் சுருங்கியது. ஓட்டத்துக்குப் புள்ளி, மார்க்குக்குப் புள்ளி, நேரத்துக்கு வந்தால் புள்ளி. நம் மெட்ரிக் பள்ளிகள் அந்த வாரிசுதான், டூனோ ஈட்டனோ அல்ல.

எதிர்க்குரலும் அப்போதே இருந்தது. ஹிட்லர் ஆட்களால் கைதாகி, விடுதலையாகி இங்கிலாந்து வந்த கர்ட் ஹான், 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். குழு ஆட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் மரியாதை அவருக்குப் பிடிக்காது. போன மாதம் நீ எவ்வளவு உயரம் தாண்டினாய், இந்த மாதம் எவ்வளவு, அதைப் பார் என்பார். உங்கள் மகனுக்கு இவர் சரியாக இருந்திருப்பார். எனக்குப் போரடித்திருக்கும்.

பிப்ரவரி 20

போருக்கு முந்தையது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1899, பிரிஸ்டலில் கிளிஃப்டன் பள்ளி. சின்னப் பையன்களின் ஹவுஸ் மேட்ச். கிளார்க்ஸ் ஹவுஸுக்கும் நார்த் டவுனுக்கும். ஏ.இ.ஜே. காலின்ஸ் என்ற 13 வயசுப் பையன், நம்ம ஹசாரிபாகில் பிறந்தவன், ஆட்டமிழக்காமல் 628 ரன். ஹவுஸ் மொத்தம் 836. பல மதியங்கள் இழுத்தது. எதிரணி 87, 61. பந்து வீச்சிலும் 11 விக்கெட் அவனுக்கு. அந்த 628ஐ உலகத்தில் யாரும் 2016 வரை தாண்டவில்லை. தாண்டியது மும்பை பக்கத்துக் கல்யாண் ஊரில் பிரணவ் தனவடே, 1009. காலின்ஸ் 1914 நவம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் செத்துப்போனார், 29 வயது.

ஆனால் என் மனசில் நிற்பது ஸ்கோர் எழுதின பையன். பிற்பாடு கேட்டபோது, 628தான், ஒரு இருபது முன்னேபின்னே இருக்கலாம் என்றானாம்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று நாளை.

பிப்ரவரி 21

சரி. 1986, ஒன்பதாம் வகுப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பி.டி. வாத்தியார் என்னைப் புள்ளிப் பலகையில் நிறுத்தினார். வேப்பமரத்தடியில் ஒரு கரும்பலகை, கால் ஒன்று ஆடும், கீழே ஓட்டுத் துண்டு முட்டுக்கொடுத்திருக்கும். முதல் இடம் 5, இரண்டாவது 3, மூன்றாவது 1. ரிலேக்கு மட்டும் இரட்டை: 10, 6, 2.

கடைசி ரிலேக்கு முன்னால் நீலம் 87, பச்சை 81, மஞ்சள் 61, சிவப்பு 50. ரிலேயில் மஞ்சள் முதலாவது, நாங்கள் இரண்டாவது, நீலம் மூன்றாவது. எங்கள் கடைசி ஆள் நீலத்தை முந்தினதைப் பார்த்து நான் பலகையை விட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து மஞ்சளுக்கு 10 போட்டேன், நீலத்துக்கு 2 போட்டேன். பச்சைக்கும் 10 போட்டேன்.

பச்சை 91, நீலம் 89. தொண்டை போகக் கத்தினோம். கேப்டனைத் தோளில் தூக்கினோம். விருந்தினர் ஷீல்டைக் கொடுத்தார்.

ராத்திரி வீட்டில் தாளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், சும்மா சந்தோஷத்துக்கு. ஒவ்வொரு போட்டிக்கும் மொத்தம் 9 புள்ளி, ரிலேக்கு 18. அப்படியானால் நான்கு ஹவுஸையும் கூட்டினால் 9ஆல் வகுபட வேண்டும். வந்தது 301. வகுத்தால் 4 மிச்சம். அந்த 4 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சை 87, நீலம் 89.

தாளை மடித்து அறிவியல் நோட்டின் அட்டைக்குள் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. பயத்தினால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த இழையில் எழுதி எழுதிப் பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை. வாத்தியார் நல்லவர், திட்டிவிட்டு விட்டிருப்பார். எனக்கு ஷீல்டு வேண்டியிருந்தது. ஓடாமல் தாண்டாமல் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

பிப்ரவரி 22

முதல் குறிப்பில் "1986இல் ஷீல்டு எங்களுக்கு" என்று எழுதியதைத் திருத்தவா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். ஷீல்டு எங்களுக்குத்தான் கிடைத்தது, அதில் பொய் இல்லை.

மார்ல்பரோ அடுப்பைப் பற்றி அவ்வளவு நக்கலடித்தேனே, அதையும் யோசித்தேன். நான் அங்கே இருந்திருந்தால் வண்ணப் பந்துக் கும்பலில் இருந்திருக்க மாட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்று ஜால்ராக்களுக்குப் பின்னால் நின்றிருப்பேன்.

மார்ச் 1

நேற்று என் பள்ளி நண்பனைக் கூப்பிட்டேன். நீல ஹவுஸ். எங்கே பார்த்தாலும் அந்த ஷீல்டு நினைவு வந்து அவனிடம் எனக்கு ஒரு கூச்சம். கல்யாண வீட்டில்கூட டீக்காசை நானே கொடுப்பேன். விஷயத்தை மெல்ல ஆரம்பித்து, ரிலே, பத்து, ஆறு எல்லாம் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "டேய், நான் மஞ்சள்டா" என்றான். "அந்த ரிலேல முதல்ல வந்தது நாங்க. உனக்கு அதாவது ஞாபகம் இருக்கா?"

நாற்பது வருஷமாகத் தப்பான ஆளிடம் கூச்சப்பட்டிருக்கிறேன். டீக்காசு எல்லாம் வீண்.

மார்ச் 1, மறுபடி

கேள்வி கேட்டவருக்கு: மகன் பள்ளியில் அன்றைக்குப் புள்ளி எழுதினது யார் என்று விசாரித்தீர்களா? நான்கையும் கூட்டிப் பாருங்கள்.